தரையில் உட்காருங்கள், பஞ்சு வரும்

கேள்வி: மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு வெள்ளை முயல்குட்டி வாங்கினோம். பெயர் பஞ்சு. வந்து பத்து நாளாகியும் கூண்டின் மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கிறது. மகள் ஆசையாகத் தூக்கினால் உதைத்து உதறுகிறது; நேற்று கையைக் கீறிக் கடித்தும்விட்டது. கேரட்டும் முட்டைக்கோசும் வைக்கிறோம், கொஞ்சமாகத்தான் தின்கிறது. தன் புழுக்கையைத் தானே தின்பதையும் பார்த்தோம். கூண்டு பகலில் பால்கனியில் இருக்கும். காக்கை வந்து கம்பியில் உட்கார்ந்தால் அப்படியே விறைத்துவிடுகிறது. இரவில் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் வைக்கிறோம். திடீர் திடீரென்று பின்னங்காலால் 'டொம்' என்று தரையில் அடிக்கிறது. தனிமைதான் காரணம், ஊரிலிருந்து ஒரு காட்டு முயல்குட்டி பிடித்து வந்து ஜோடி சேர்க்கலாம் என்கிறார் மாமனார். குளிப்பாட்டினால் சுறுசுறுப்பாகும் என்கிறார் பக்கத்து வீட்டம்மா. 'பஞ்சுவுக்கு என்னைப் பிடிக்கவில்லை' என்று மகள் அழுகிறாள். கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– திருச்சியிலிருந்து ஒரு வாசகி

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இதை முழுவதும் படிப்பதற்கு முன்னால் எழுந்து போய் அந்தக் கூண்டைப் பால்கனியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம். சித்திரை மாதத்துத் திருச்சி வெயிலில் ஒரு முயலைக் கொல்ல ஒரே ஒரு மதியம் போதும். முயலுக்கு வியர்க்காது. நாயைப்போல நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் அதற்குச் சரியாக வராது. இருப்பதெல்லாம் அந்த இரண்டு நீளக் காதுகள்தாம். காதிலுள்ள இரத்தக் குழாய்கள் வழியாகத்தான் உடம்பின் சூடு வெளியேற வேண்டும். சுற்றியுள்ள காற்றே 40 டிகிரியில் கொதிக்கும்போது காது என்ன செய்யும்? 30 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது. நம் மாநிலத்தில் முயல் வளர்ப்பு ஆராய்ச்சி நடக்கும் இடங்களைப் பாருங்கள்: கொடைக்கானல் மலையில் மன்னவனூர், ஊட்டி அருகே சாண்டிநல்லா. அந்தக் குளிர் இந்தப் பிராணிக்கு ஏற்ற குளிர்.

வீட்டில் மதிய வெயில் படாத அறை எதுவோ, அங்கே தரையில் வையுங்கள். மின்விசிறி ஓடட்டும், ஆனால் காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். வாய் அகன்ற பழைய மண்பானை ஒன்றை நனைத்து, படுக்கவைத்த வாக்கில் உள்ளே வைத்துவிட்டால் அதுவே அதற்குக் குளிர்ந்த வளை. தண்ணீர் பாட்டில் ஒன்றை உறையவைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். வேண்டும்போது அது வந்து சாய்ந்துகொள்ளும். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. அது வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், காதுகள் சுட்டால், வாயோரம் நனைந்திருந்தால், காதுகளை ஈரத்துணியால் ஒற்றியபடியே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

இனி உங்கள் மகளின் கண்ணீருக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அதுதான்.

அவளிடம் சொல்லுங்கள்: பஞ்சு இன்னும் அவளைப் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் மேலிருந்து இறங்கி வரும் ஒரு கையைத்தான். நாம் வளர்க்கும் முயல்களின் மூதாதைகள் ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியின் புல்வெளிகளில் வளை தோண்டி வாழ்ந்தவை. பருந்தும் நரியும் அவற்றைத் தின்று வாழ்ந்தன. வானத்திலிருந்து எது இறங்கினாலும் ஓடு, ஓட முடியாவிட்டால் அசையாதே, பிடிபட்டால் உதை, கடி – பிறக்கும்போதே உடம்போடு வந்த பாடம் இது. ஒன்பது வயதுப் பெண்ணின் அன்பான கைக்கும் பருந்தின் காலுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள அதற்கு அவகாசம் வேண்டும். தாயைப் பிரிந்து, கடைச் சந்தடியில் கிடந்து, அட்டைப்பெட்டியில் குலுங்கி வந்து சேர்ந்த குட்டிக்குப் பகலில் தலைக்கு மேல் நிஜமான காக்கை, இரவில் டிவி என்றால், மூலையில் ஒடுங்குவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? இரவில் அது காலால் அடிப்பதும் கோபத்தால் அல்ல. வளைக்குள் இருக்கும் உறவுகளுக்கு 'ஆபத்து, உள்ளே போங்கள்' என்று முயல் சொல்வது அப்படித்தான். உங்கள் ஹாலில் அதைக் கேட்க உறவு யாரும் இல்லாவிட்டாலும் அது சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆகவே முதல் வேண்டுகோள்: அடுத்த மூன்று வாரங்களுக்கு யாரும் பஞ்சுவைத் தூக்க வேண்டாம். மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியிருந்தால் மட்டும், பெரியவர் ஒருவர், ஒரு கை நெஞ்சுக்கடியிலும் மறு கை பின்புறத்துக்கடியிலும் கொடுத்து, தன் உடம்போடு அணைத்துத் தூக்கட்டும். காதைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முயலின் பின்னங்கால் தசைகளுக்கு இருக்கும் பலம் அதன் எலும்புகளுக்கு இல்லை. கையில் திமிறி ஒருமுறை ஓங்கி உதைத்தாலே இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு முறிந்துவிடும். கீழே விழவேண்டும் என்றுகூட இல்லை. பின்னங்கால்கள் இரண்டும் துவள, துண்டில் சுற்றிக் கொண்டுவரப்பட்ட முயல்களை நான் பார்த்திருக்கிறேன். கூடவே வரும் குழந்தையிடம் 'உன் தப்பு இல்லை' என்று சொல்வதைவிடக் கடினமான வேலை என் தொழிலில் குறைவு. மல்லாக்கப் போட்டால் முயல் சொக்கிப்போகிறது என்று சிலர் செய்து காட்டுவார்கள். அது சுகத்தில் சொக்குவதல்ல. பயம் உச்சத்துக்குப் போய் உடம்பு உறைந்துபோகும் நிலை. அதையும் செய்ய வேண்டாம்.

தூக்காமல் எப்படிப் பழகுவது? தரையில் உட்கார்ந்து.

முயல் பகலில் பெரும்பாலும் உறங்கும். விடியற்காலையிலும் அந்தி சாயும் நேரத்திலும்தான் அதற்கு உற்சாகம். ஆகவே மாலை ஆறு மணிக்கு மேல், டிவியை அணைத்துவிட்டு, மகள் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்காரட்டும், அல்லது குப்புறப் படுக்கட்டும். கூண்டின் கதவு திறந்திருக்கட்டும். வீட்டுப்பாடம் செய்யலாம், கதைப்புத்தகத்தை மெல்லிய குரலில் வாசிக்கலாம். பஞ்சுவைப் பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, கையை உள்ளே விடக் கூடாது. முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்காது. மூன்றாவது நாளோ ஐந்தாவது நாளோ ஒரு மூக்கு எட்டிப் பார்க்கும். உடம்பை நீட்டி, பின்னங்கால்கள் இன்னும் கூண்டுக்குள்ளேயே இருக்க, முகர்ந்துவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விடும். அப்போது கையை நீட்டிவிடக் கூடாது. குழந்தைக்கு இதுதான் பெரிய சோதனை. இன்னொரு நாள் அவள் பாவாடை ஓரத்தை முகரும், நோட்டின் மூலையைக் கொறிக்கும், முதுகின்மேல் ஏறிக்கூடப் போகும். அதன் பிறகு, கையைத் தரையோடு வைத்துப் பக்கவாட்டிலிருந்து கொண்டுபோய், இரு காதுகளுக்கு நடுவே நெற்றியை மெல்லத் தடவலாம். முயல்கள் ஒன்றையொன்று நக்கிக்கொடுப்பது அந்த இடத்தில்தான். மூக்குக்கு நேரே கையை நீட்டுவது வீண். கண்கள் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் அனைத்தையும் பார்க்கும் முயலுக்கு, மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது மட்டும் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து திடீரென்று வரும் விரலைத்தான் அது கடிக்கிறது.

கூண்டைப் பற்றி இரண்டு விஷயங்கள். அடியில் கம்பிவலை இருந்தால் அதன்மேல் ஒரு பலகையோ கோரைப்பாய்த் துண்டோ போடுங்கள். முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பதுபோல் மெத்தைத் தசை கிடையாது, வெறும் ரோமம்தான். கம்பியில் நின்று நின்று குதிகாலில் புண் வந்துவிடும். அதே காரணத்தால் வழுவழுப்பான டைல்ஸ் தரையில் அதற்குக் கால் வழுக்கும். எல்லாம் சரியாக இருந்தும் கூண்டைவிட்டு வெளியே வரவே மாட்டேன் என்கிற முயல்களில் பல, தரைக்குப் பயந்தே உள்ளே கிடக்கின்றன. கூண்டு வாசலிலிருந்து மகள் உட்காரும் இடம்வரை ஒரு பாய் விரியுங்கள். அதைக் கொறித்தாலும் பரவாயில்லை. அடுத்தது, ஒளிந்துகொள்ள இடம். ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து இரண்டு பக்கமும் வாசல் வெட்டிக் கொடுங்கள். ஒரே வாசல் என்றால் உள்ளே மாட்டிக்கொள்வோம் என்ற பயம் போகாது. ஒளிய இடம் கொடுத்தால் முயல் வெளியே வராது என்று நினைக்காதீர்கள். ஓடி ஒளிய இடம் உண்டு என்று தெரிந்த முயல்தான் தைரியமாக வெளியே வருகிறது. பெட்டிக்குள் இருக்கும்போது யாரும் அதை இழுத்து எடுக்கக் கூடாது. வெளியே விடுவதற்கு முன் செல்போன் சார்ஜர், ஃபிரிட்ஜ் வயர் எல்லாவற்றையும் அதற்கு எட்டாமல் தூக்கிக் கட்டிவிடுங்கள். கொசுவத்தியும் சாம்பிராணிப் புகையும் அந்த அறையில் வேண்டாம்.

உணவு விஷயத்தில் உங்கள்மீது குற்றமில்லை. முயல் என்றால் கேரட் என்று நம் எல்லாருக்கும் படம் போட்டுக் காட்டிவிட்டார்கள். உண்மையில் கேரட் அதற்கு மிட்டாய், இனிப்பு அதிகம். முட்டைக்கோசு பல முயல்களுக்கு வயிற்றில் வாயுவை உண்டாக்கும். முயலின் சோறு புல். தட்டில் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். அதன் 28 பற்களும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளரும். நார் மிகுந்த புல்லை நாள் முழுவதும் அரைத்தால்தான் அவை தேயும், குடலும் ஓயாமல் அசையும். கடைகளில் விற்கும் டிமோத்தி புல் நல்லது, விலைதான் அதிகம். நம் ஊர் அருகம்புல்லை, பூச்சிமருந்து படாத, நாய்கள் திரியாத இடத்திலிருந்து வாங்கி அலசி நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம். மாட்டுத் தீவனத்துக்கு வளர்க்கும் கம்பு நேப்பியர் புல்லையும் நறுக்கி உலர்த்தலாம். ஆறு மாதம்வரை குதிரைமசால் என்ற தீவனப்பயிரைக் கொஞ்சம் சேர்க்கலாம். வளர்ந்த பிறகு அதிலுள்ள கால்சியம் மிதமிஞ்சிப் போகும். நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும், அதில் சத்து போதாது.

ஆனால் நாளைக் காலையிலேயே எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். இரண்டு மாதக் குட்டி என்று சொல்லி ஒரு மாதக் குட்டியை விற்கும் வழக்கம் நிறையவே இருக்கிறது. தாய்ப்பாலை முழுதாக மறப்பதற்கு முன்பே பிரித்த குட்டியின் குடல் மிகவும் மென்மையானது. கடையில் என்ன தீனி போட்டார்கள் என்று கேட்டு, அதே தீனியை வாங்கி, அதைத் தொடர்ந்து கொடுத்தபடியே காய்ந்த புல்லை மட்டும் எந்நேரமும் முன்னால் போட்டு வையுங்கள். கேரட்டையும் கோசையும் நிறுத்திவிடலாம். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் கொத்தமல்லி, புதினா போன்ற கீரைகளை ஒவ்வொன்றாக, ஒரு வாரத்துக்கு ஒன்று என்று சிறிய அளவில் பழக்குங்கள். சோறு, ரொட்டி, பிஸ்கட், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் கூடாது. தண்ணீர் கனமான மண்சட்டியில் இருக்கட்டும். கவிழ்க்காது, குளிர்ச்சியாகவும் இருக்கும்.

புழுக்கை தின்பதைப் பார்த்து அருவருப்படைந்ததாக எழுதாவிட்டாலும் அந்த வரியில் அது தெரிந்தது. நிம்மதியாக இருங்கள், அது நோயல்ல. முயல் இரண்டு விதமாகக் கழிக்கிறது. ஒன்று, உருண்டையான காய்ந்த புழுக்கை. இன்னொன்று, திராட்சைக் கொத்துபோல ஒட்டிக்கொண்டு வரும் மென்மையான கழிவு. பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பையில் புல் நொதித்து உண்டான சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை வெளியே வரும்போதே வாயால் எடுத்து விழுங்கிவிடும். மாடு அசைபோடுகிறதல்லவா, முயல் அதே வேலையை வேறு வழியில் செய்கிறது. தடுக்காதீர்கள். புழுக்கையை முயல் எந்த மூலையில் போடுகிறது என்று கவனித்து, அங்கே ஒரு தட்டில் செய்தித்தாள் விரித்து ஓரத்தில் புல்லை வையுங்கள். தின்றபடியே கழிப்பது அதன் வழக்கம் என்பதால் தானாகவே அந்த இடத்துக்குப் பழகிவிடும்.

உங்கள் கண் இருக்க வேண்டிய இடமும் அந்தத் தட்டுதான். நன்றாக இருக்கும் பெரிய முயல் ஒரு நாளில் 200 முதல் 300 புழுக்கை போடும். புழுக்கை சிறுத்தால், குறைந்தால், அரை நாள் எதுவும் தின்னாமல் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தால், 'காலையில் பார்ப்போம்' என்று விடக் கூடாது. முயலின் குடல் ஓட்டம் நின்றுவிட்டால் ஒரே நாளில் உயிர் போய்விடும். குட்டிக்கு நீர்போலக் கழிச்சல் கண்டாலும் அன்றைக்கே மருத்துவமனை. போகும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: 'இந்த ஆன்டிபயாட்டிக் முயலுக்குக் கொடுக்கலாமா?' நான் படித்த காலத்தில் முயலை இறைச்சிக்கும் ரோமத்துக்கும் பண்ணையில் வளர்க்கும் பிராணியாகத்தான் பெரும்பாலும் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டு முயலை அதிகம் பார்த்திராத மருத்துவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குழந்தைகளுக்கு வாங்கி வைத்திருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பை முயலின் வாயில் ஊற்றினால், குடலின் நல்ல கிருமிகள் அழிந்து முயல் செத்துவிடக்கூடும். நாய்க்கு அடிக்கும் உண்ணி மருந்துகளில் ஃபிப்ரோனில் கலந்தவையும் அப்படியே. காது ஓரத்தில் பொருக்கோ மூக்கில் சொறியோ தெரிந்தால் வேப்பெண்ணெய் தடவிப் பார்க்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஊசி மருந்தில் எளிதாகக் குணமாகிவிடும்.

பக்கத்து வீட்டம்மா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் குளிப்பாட்டவே கூடாது. முயல் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். நனைந்த ரோமம் எளிதில் உலராது, உடம்பு சில்லிட்டுவிடும், பயத்திலேயே மயங்கி விழும் முயல்களும் உண்டு. பின்புறத்தில் அழுக்கு ஒட்டியிருந்தால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். அழுக்கை அப்படியே விட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

மாமனாரிடம் மரியாதையோடு இதைச் சொல்லுங்கள். நம் வயல்காட்டில் ஓடும் முயலும் பஞ்சுவும் ஒரே இனம் அல்ல. காட்டு முயல் வளை தோண்டாது. அதன் குட்டி பிறக்கும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். பஞ்சுவின் இனமோ வளைக்குள் கண் திறக்காமல், ரோமமில்லாமல் பிறப்பது. இரண்டும் ஜோடி சேராது. காட்டு முயல் கூண்டில் பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம்.

ஆனால் தனிமை பற்றி அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. முயல் கூட்டமாக வாழும் பிராணி. துணை இருந்தால் நல்லதுதான். இப்போது வேண்டாம். பஞ்சு முதலில் உங்கள் வீட்டுக்குப் பழகட்டும். ஆணா பெண்ணா என்று கடைக்காரர் சொன்னதை நம்பாமல், நான்கு மாதம் நெருங்கும்போது மருத்துவரிடம் உறுதிசெய்யுங்கள். 'இரண்டும் பெண்' என்று வாங்கிப்போன வீட்டில் ஒரு மாதத்தில் ஏழு குட்டிகள் பிறந்த கதை எனக்குப் புதிதல்ல. சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான்; குட்டி போட்ட அன்றே தாய் மறுபடியும் சினையாக முடியும். இன்னொரு முயல் கொண்டுவருவதானால் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்த பிறகே. பெண் முயலாக இருந்தால் தனியாகவே வளர்த்தாலும் அதைச் செய்வது நல்லது. வயதான பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் மிகவும் சாதாரணமாக வருகிறது. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரிடம் மட்டும் செய்யுங்கள்.

திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைக்கு மீண்டும் அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் நீங்கள் முடிவெடுக்க ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: முயல் 8 முதல் 12 ஆண்டுகள்வரை வாழும். உங்கள் மகள் கல்லூரிக்குப் போகும்போதும் பஞ்சு இருக்கும். புல் வாங்குவதும் தட்டு கழுவுவதும் உங்கள் கையில்தான் வந்து நிற்கும். அதற்கு வீட்டில் இடமில்லை என்றால், முயல் வளர்த்துப் பழகிய ஒரு வீட்டைத் தேடிக் கொடுங்கள். பூங்காவிலோ தோப்பிலோ விட்டுவிடாதீர்கள். வெள்ளை முயல் வெளியில் ஓர் இரவு தாங்காது. வைத்துக்கொள்வீர்கள் என்றே உங்கள் கடிதத்தின் தொனி சொல்கிறது. இந்த வாரமே ஒருமுறை மருத்துவரிடம் காட்டி வயதையும் பற்களையும் எடையையும் பார்த்துவிடுங்கள்.

மடியில் எப்போது உட்காரும் என்று மகள் கேட்பாள். சில முயல்கள் கடைசிவரை உட்காராது. அதற்குப் பதிலாக அவள் அறிந்துகொள்ள வேண்டிய அடையாளங்கள் வேறு. தாடையின் அடிப்பகுதியை அவள் புத்தகத்தில், கால்கட்டைவிரலில் தேய்த்துவிட்டுப் போகும். அங்கே உள்ள சுரப்பியின் வாசனையால் 'இது என்னுடையது' என்று குறித்து வைக்கிறது. நெற்றியைத் தடவும்போது பற்களை மிக மெதுவாக, கேட்டும் கேட்காததுமாக அரைக்கும், அது இன்பம். ஒரு மாலையில் ஓடிக்கொண்டே இருந்து, காற்றில் எம்பி, உடம்பை முறுக்கிக் குதிக்கும். அது மகிழ்ச்சி, வலிப்பு அல்ல. பிறகு ஒரு நாள் அவள் பக்கத்திலேயே திடீரென்று வெட்டிப்போட்டதுபோலப் பக்கவாட்டில் சாய்ந்து கால்களை நீட்டிவிடும். செத்துவிட்டதோ என்று முதல் தடவை எல்லாரும் பதறுவோம். அப்போது மகளைக் கத்தாமல் மூக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மெல்ல அசைந்துகொண்டிருக்கும். பஞ்சு தூங்குகிறது.